கேப்டன் பூமணிக்கு நான் பூச மறுத்த நிறம்

போன மாதம் ஷைனி தொலைபேசியில் கூப்பிட்டாள். நாகர்கோவிலில் நான் வேலை பார்த்த சிறுவர் இதழின் ஓவியப் பிரிவு இப்போது அவள் பொறுப்பில் இருக்கிறது.

"ரெத்தினக்கா, நம்ம பத்திரிகைக்கு ஒரு சிறப்பு மலர் போடுகோம். கேப்டன் பூமணியப் பத்தி நீங்க ஒரு கட்டுரை எழுதித் தரணும்."

"என்னத்த எழுத?"

"விண்வெளிக் கதையில கறுத்த ஆளுங்க எங்க, நம்மள மாதிரி முகம் எங்கன்னு இப்ப உலகமெல்லாம் பேசுகாங்கல்லா. நம்ம பத்திரிகை அந்தக் காலத்துலயே ஒரு கறுத்த பொண்ண கேப்டனாக்கிச்சு. அந்தப் பெருமைய நீங்களே எழுதினா கொள்ளாம்."

"பத்திரிகை ஒண்ணும் ஆக்கல மக்கா."

"பின்னே?"

"எழுதித் தாறேன். ஆனா ஒரு வரி வெட்டினாலும் போடக்கூடாது, பாத்துக்கோ."

ஆகவே இது வாழ்த்துரை இல்லை. வாழ்த்துரை எழுத ஆட்கள் நிறைய இருக்கிறார்கள், மாலையும் பொன்னாடையும் அவர்களுக்கே போகட்டும். நான் நடந்ததை எழுதுகிறேன்.

நான் படம் வரையப் பழகியது சர்ச்சில். கிறிஸ்துமஸ் நாடகத்துக்குத் திரைச்சீலை வரைவேன். தேவதூதர்களுக்கு ரோஸ் நிறம், சாத்தானுக்கு அடுப்புக்கரி நிறம். யார் வைத்த வழக்கம் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. அதன்பிறகு தபால்வழியில் ஓவியம் படித்தேன், காலண்டர் அச்சடிக்கும் இடத்தில் கொஞ்ச காலம் சாமி படங்களுக்கு நகை வரைந்தேன். அங்கிருந்து இந்த இதழுக்கு வந்தேன். பெண் ஓவியர் என்று அங்கே நான் ஒருத்திதான். ஊரை விட்டுப் போகாமல் படம் வரைந்து பிழைக்க அதைத் தவிர எனக்கு வேறு இடமும் கிடையாது. வேலை போனால் வீட்டில் சும்மா இருக்கவேண்டியதுதான்.

எங்கள் இதழின் உயிர்நாடி விண்வெளிச் சித்திரக்கதை. பிள்ளைகள் அதற்காகவே வாங்குவார்கள். கதையின் நாயகர்கள் லியோ, விக்டர், டாக்டர் ஹென்றி என்று இருப்பார்கள். கதை எழுதியவர் குழித்துறைக்காரராக இருப்பார், வரைந்தவர் வடசேரிக்காரராக இருப்பார், கப்பலில் மட்டும் நம் ஆள் ஒருத்தர் இருக்கமாட்டார். தப்பித்தவறி ஓர் ஆப்பிரிக்கர் ஏறினால் அவர் சமையற்காரராக இருப்பார், இரண்டாம் அத்தியாயத்தில் செத்தும் போவார். எதிர்காலம் என்று ஒன்று வரும்போது நாமெல்லாம் எங்கே போயிருப்போம் என்று யாரும் கேட்கவில்லை. நான் கேட்டேன். "கதை அப்பிடித்தான் வரும்" என்றார்கள்.

அப்போது கம்ப்யூட்டர் கிடையாது. கறுப்பு மையில் கோடு வரைந்து முடித்ததும் அதற்கு ஒரு நகல் எடுப்போம். நகலின் மேல் நீர்வண்ணம் பூசி, ஒவ்வொரு இடத்திலும் எண் எழுதவேண்டும். மஞ்சள் இத்தனை, சிவப்பு இத்தனை, நீலம் இத்தனை என்று எழுதினால், அச்சகத்தில் அந்த எண்ணுக்குத் தக்க அடர்த்தியில் மைப்புள்ளி வைப்பார்கள். எண் எழுதாத இடத்தில் மை விழாது, வெறும் தாளாக நிற்கும். எந்த எண்ணுக்கு எந்த நிறம் வரும் என்று தெரிய ஒரு பெரிய ஷேடு கார்டு சுவரில் தொங்கும். கட்டம் கட்டமாக நிறம், ஒவ்வொரு கட்டத்துக்குக் கீழேயும் எனக்கு முன்னால் இருந்த யாரோ ஒருவர் அழகான கையெழுத்தில் எழுதிவைத்த பெயர்.

அந்தப் பெயர்களைத்தான் சொல்லவந்தேன். இளம் ரோஸ் கட்டத்துக்குக் கீழே 'மனித நிறம்' என்று இருந்தது. அதைவிட இன்னும் வெளுத்த கட்டத்தில் 'மனித நிறம், பெண்'. அதற்கு அடுத்த பழுப்புக் கட்டம் 'கூலியாள்'. அதற்கடுத்து 'காட்டுவாசி'. கடைசியில், ஏறக்குறைய என் முழங்கையின் நிறத்தில் இருந்த கட்டத்துக்கு 'வில்லன்'. வேற்றுக்கிரகவாசிகளுக்கு மட்டும் கீழே ஒரு வரிசை முழுக்க ஒதுக்கியிருந்தார்கள். பாசிப்பச்சை, கிளிப்பச்சை, ஊதா, நீலம் என்று அவர்களுக்குத்தான் எத்தனை வகை! சேர்ந்த அன்றைக்கே நான் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். என்ன சிரிப்பு என்று கேட்டார்கள். செவ்வாய்க் கிரகத்தில் பிறந்திருந்தால் எனக்கு இன்னும் கொஞ்சம் மரியாதை இருந்திருக்கும் என்றேன். அவர்களும் சிரித்தார்கள். சிரித்துவிட்டு அவரவர் தூரிகையை எடுத்துக்கொண்டார்கள்.

ஓவியப் பிரிவுக்குத் தலைவர் சத்தியதாஸ் சார். நான் பார்த்த மேலதிகாரிகளில் குரல் உயர்த்தாத ஒரே ஆள். பக்கத்தைக் கொண்டுபோய் வைத்தால் முதலில் வேட்டி நுனியால் கண்ணாடியைத் துடைப்பார். பிறகு பக்கத்தைத் தலைகீழாகத் திருப்பி வைத்துப் பார்ப்பார். தலைகீழாகப் பார்த்தால் கண் கதையை மறந்துவிடும், படத்தில் உள்ள தப்பு தானாகத் தெரியும் என்பது அவர் கணக்கு. அதில் எனக்குச் சந்தேகமே வந்ததில்லை, ஒருபோதும் பிசகியதில்லை. அப்புறம் வெளிர்நீலப் பென்சிலை எடுப்பார். அந்த நீலத்தை அச்சகத்துக் கேமரா பிடிக்காது. அதனால் அவர் போட்ட திருத்தம் எதுவும் வாசகர் கண்ணில் பட்டதே இல்லை. தப்பு உள்ள இடத்தில் சின்னதாக ஒரு வட்டம் போட்டு ஒற்றைச் சொல் எழுதுவார். 'கை', 'நிழல்', 'தூரம்'. 'தவறு' என்றோ 'மாற்று' என்றோ எழுதமாட்டார். முடியாது என்ற சொல்லும் அவர் வாயில் வராது. யார் எதைக் கேட்டாலும் "பாப்போம்" என்பார். அவரும் நல்ல கறுப்பு. ஆனால் கறுப்பு, வெள்ளை என்று ஒரு முகத்தைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதில்லை. முகம் இருண்டிருந்தால் வட்டம் போட்டு 'ஒளி' என்று எழுதுவார், அவ்வளவுதான்.

அருமனையில் தங்கையன் என்று ஓர் இயற்பியல் ஆசிரியர் இருந்தார். அவர் ஒரு தொடர்கதை அனுப்பினார். கேப்டன் பூமணி, அருமனைக்காரி, ரப்பர் பால் எடுப்பவரின் மகள். சனிக் கிரகத்தில் மாட்டிக்கொண்ட ஆராய்ச்சியாளர்களை மீட்க ஒரு கப்பலை ஓட்டிக்கொண்டு போகிறாள். ஓவியருக்கு ஒரு குறிப்பும் இருந்தது. 'நல்ல கறுத்த நிறம், குட்டையாக வெட்டிய முடி, கூர்ந்த பார்வை.' படித்ததும் எனக்கு மேலெல்லாம் புல்லரித்துவிட்டது. இவளை வேறு யாரும் தொடக்கூடாது என்று சத்தியதாஸ் சாரிடம் கேட்டு வாங்கினேன். கறுப்பு மையைச் சேர்த்தால் முகம் கரிபிடித்த பாத்திரம் மாதிரி அச்சாகும் என்பது எனக்குத் தெரியும். ஆகவே கறுப்பைத் தொடாமல், மஞ்சளும் சிவப்பும் கூட்டி அதன்மேல் நீலத்தை ஏற்றி, கன்னத்தில் வெளிச்சம் விழுகிற மாதிரி ஒரு பழுப்புக் கறுப்பைக் கொண்டுவந்தேன். என் சொந்தக் கையைப் பார்த்துத்தான் கலந்தேன்.

சார் கண்ணாடியைத் துடைத்தார். பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். பூமணியின் முகத்தில் வட்டம் விழுந்தது. 'ஒளி'.

நான் கன்னத்தில் இன்னும் கொஞ்சம் வெளிச்சம் போட்டேன், நிறத்தை மாற்றவில்லை. மறுபடி வட்டம், மறுபடி 'ஒளி'.

"சார், வெளிச்சம் போட்டாச்சே. இன்னும் எவ்வளவு வேணும்?"

அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "மக்களே, முதலாளி பாத்துட்டாரு. ஒனக்கு மனசிலாச்சுல்லா?"

முதலாளியின் அறைக்கு இரண்டு பேரும் போனோம். அவர் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். கடைகளில் கிளிப் போட்டுத் தொங்கும் அட்டை தூரத்திலிருந்தே பிள்ளைகளை இழுக்கவேண்டும், அதுதான் அவருக்குத் தெரிந்த சாஸ்திரம்.

"ரெத்தினம், வானம் கறுப்பு. கப்பலுக்க உள்ள இருட்டு. இவளும் கறுப்புன்னா கடையில தொங்கும்போ கண்ணு மட்டும்லா தெரியும்?"

"அப்போ பின்னால உள்ளத மாத்துவோம் சார். சனிக்கு வளையம் இருக்கு. மஞ்சளும் ஆரஞ்சுமா அள்ளிப் போட்டுத் தாறேன். முகம் பளிச்சுன்னு எடுக்கும்."

அவர் யோசித்தார். சரி என்றுதான் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"இல்லன்னா ஒரு காரியம் செய்வோம். அவள வேத்துக் கிரகத்துக்காரியா ஆக்கிருவோம். ஊதா நிறம் போடு. ஊதான்னா பிள்ளையளுக்கும் பிடிக்கும், பாக்கவும் புதுசா இருக்கும்."

நான் சத்தியதாஸ் சாரைப் பார்த்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பேரு பூமணியாக்கும் சார். அப்பா ரப்பர் பால் எடுக்கியவரு. எந்தக் கிரகத்துல சார் ரப்பர் தோட்டம் இருக்கு?"

"பேரத்தானே? மாத்திட்டாப் போச்சு."

"ஊதாவும் வேண்டாம், ரோஸும் வேண்டாம் சார். அவ மனுஷி."

"ஏம்மா, நாளைக்கு பக்கமெல்லாம் பஸ்ஸுல அச்சகத்துக்குப் போகணும். கார்டுல உள்ள மனித நிறத்தப் போட்டுக் குடு. இல்லன்னா வேற ஆளப் பாத்துக்கிடுவேன்."

எனக்கு வந்த ஆத்திரத்தை இன்றைக்கும் சொல்லி முடியாது. ஊதா நிறத்தில் ஒருத்தி கப்பல் ஓட்டினால் பிள்ளைகள் நம்புவார்களாம். என் நிறத்தில் ஒருத்தி ஓட்டினால் நம்பமாட்டார்களாம். பச்சை உடம்பும் மூன்று கண்ணும் கொம்பும் வாலும் எல்லாம் அந்தக் கதைக்குள் போகலாம், அருமனைக்காரி மட்டும் வாசலில் நிற்கவேண்டும். வெளிநாட்டுக்காரன் வரைந்து நம்மை விட்டுவிட்டான் என்றால் அது ஒரு வருத்தம். நாமே பேனா பிடித்து, நாமே மை கலந்து, நம்மை நாமே விட்டுவிடுவதற்கு என்ன பெயர்?

அன்று மத்தியானமே அருமனைக்கு பஸ் ஏறினேன். தங்கையன் சாரிடம் சொன்னேன்.

"எனக்க மூத்த மோளுக்க நிறமாக்கும் அது. மாத்த விட்டுட்டு எனக்க வீட்டுக்குள்ள நான் எந்த முகத்த வச்சிட்டுப் போவேன்? கதையத் திருப்பி வாங்கட்டா?"

"வேண்டாம் சாரே. திருப்பி வாங்கினா அந்தப் பக்கத்துல இன்னொரு லியோ வந்து உக்காந்துக்கிடுவான். நீங்க சும்மா இருங்க. நான் பாத்துக்கிடுகேன்."

பார்த்துக்கொள்கிறேன் என்று வீராப்பாகச் சொல்லிவிட்டேனே தவிர, எப்படி என்று எனக்கே தெரியாது. மறுநாள் காலையில் அலுவலகத்தில் உட்கார்ந்து பக்கங்களை முடித்தேன். கப்பலுக்கு நிறம் போட்டேன், உடுப்புக்குப் போட்டேன், சனிக்கு மஞ்சளும் ஆரஞ்சும் அள்ளிப் போட்டேன். அட்டையும் உள்பக்கமும் ஜொலித்தன. பூமணியின் முகத்தையும் கைகளையும் மட்டும் தொடவில்லை. எண்ணும் எழுதவில்லை.

அப்புறம் எழுந்துபோய் ஷேடு கார்டில் கை வைத்தேன். 'மனித நிறம்' என்பதை அடித்து 'ரோஸ்' என்று எழுதினேன். கூலியாள், காட்டுவாசி, வில்லன் எல்லாவற்றையும் அடித்தேன். வெளுத்த கட்டம் தொடங்கி கடைசிக் கறுப்புக் கட்டம் வரை மேலே ஒரு நீளக் கோடு இழுத்து, அதன்மேல் 'மனித நிறம்' என்று எழுதினேன். பக்கத்து மேசைக்காரர் மட்டும் "ஏட்டி, ஒனக்கு என்ன கிறுக்கா?" என்றார். ஆமாம் என்றேன்.

பக்கங்களை சத்தியதாஸ் சாரின் மேசையில் வைத்தேன். "இதுக்கு மேல எனக்க கை போகாது சார். நீங்க போட்டுக்கிடுங்க. வேலையவிட்டுப் போகச் சொன்னா இப்பவே போறேன்."

அவர் வழக்கம்போலக் கண்ணாடியைத் துடைத்தார், பக்கத்தைத் தலைகீழாகத் திருப்பினார். நீலப் பென்சிலை எடுத்து வெகுநேரம் விரலில் உருட்டிக்கொண்டிருந்தார். இளம் ரோஸுக்கு இரண்டு எண் எழுதினால் தீர்ந்தது வேலை, அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. பென்சிலை அதன் இடத்தில் வைத்தார். பக்கத்தின் பின்னால் 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். உறையில் போட்டு ஒட்டி, பஸ்ஸுக்குக் கொடுத்தனுப்பினார்.

இதழ் வந்தது. மஞ்சளும் ஆரஞ்சுமாக எரிகிற சனிக்கு முன்னால், கறுப்புக் கோட்டில் மட்டும் வரைந்த முகத்தோடு, வெறும் தாளாக நின்றாள் கேப்டன் பூமணி. முதலாளி இதழைச் சுருட்டிக்கொண்டு எங்கள் அறைக்கே வந்துவிட்டார்.

"சத்தியதாஸ், இது என்ன ஓய் அக்கிரமம்?"

சார் எழுந்து நின்றார். "மொதலாளி, முகத்துல ஒளி வேணும்னு கேட்டீங்க. இதவிட ஒளி எனக்குப் போடத் தெரியாது."

அந்த மனிதர் தன் வேலைக்காலம் முழுவதும் யாரிடமும் முடியாது என்று சொன்னதில்லை. அன்று சொன்னதும் அந்தச் சொல் இல்லாமல்தான் சொன்னார். ஆனாலும் சொன்னார்.

தண்டனை எனக்கு. சித்திரக்கதையிலிருந்து தூக்கி, புள்ளிகளை இணைக்கும் புதிர்ப் பக்கத்தில் போட்டார்கள். யானைக்குப் புள்ளி, மயிலுக்குப் புள்ளி. அடுத்த அத்தியாயத்தை யாரிடம் கொடுக்கலாம் என்று முதலாளி கேட்கும்போதெல்லாம் சார் "பாப்போம்" என்றார். அந்தப் பாப்போமுக்கு என்ன அர்த்தம் என்று அப்போது எனக்குப் புரிந்துவிட்டது.

பிறகுதான் தபால் வரத்தொடங்கியது. அட்டையைப் பார்த்த பிள்ளைகள், தாங்கள் நிறம் தீட்டுவதற்காகவே முகத்தை விட்டுவைத்திருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார்கள். தீட்டி, கத்தரித்து, எங்களுக்கே அனுப்பிவிட்டார்கள். யாரும் போட்டி வைக்கவில்லை, பரிசு என்று ஒன்றும் சொல்லவில்லை. மெழுகுப் பென்சிலில் தீட்டியது, வாட்டர் கலரில் தீட்டியது, காப்பிப்பொடியைக் குழைத்துப் பூசியது என்று கட்டுக்கட்டாக வந்தன. தோவாளையிலிருந்து ஒரு பிள்ளை ஹெல்மெட்டுக்கு மேலேயே பிச்சிப்பூ சூட்டியிருந்தது. ஆரல்வாய்மொழிப் பையன் ஒருவன் கப்பலின் தலையில் காற்றாலை வைத்துவிட்டான். ரோஸ் பூசியவர்களும் இருந்தார்கள், இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் பழுப்பும் கறுப்பும்தான் கூடுதல். கதையைப் படித்தவர்களுக்கு அவள் யார் என்று தெரிந்திருந்தது.

கடற்கரை ஊரிலிருந்து ஒரு சிறுமி அனுப்பிய அட்டை என் கைக்கு வந்தது. அழுத்தி அழுத்தித் தீட்டிய நல்ல கரும்பழுப்பு முகம். ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தாள். 'மனித நிறப் பென்சில் என்னிடம் இல்லை. அதனால் என் கையைப் பார்த்துப் போட்டேன். தவறு என்றால் மன்னிக்கவும்.'

நான் அலுவலகத்தில் அழுதது அந்த ஒருமுறைதான். யாரோ சுவரில் எழுதிவைத்த இரண்டு சொற்கள் அந்தக் குழந்தையின் பென்சில் பெட்டி வரைக்கும் போயிருக்கின்றன. தன் கை மனிதக் கை இல்லை என்று அவள் மன்னிப்புக் கேட்கிறாள். சத்தியதாஸ் சார் அதை என் கையிலிருந்து வாங்கினார். திருப்பிப் பார்க்கவில்லை, கண்ணாடியைத் துடைக்கவும் இல்லை.

"நல்ல கறுப்பு மக்களே. நம்ம கறுப்பு," என்றார். அட்டையை எடுத்துக்கொண்டு நேராக முதலாளியின் அறைக்குப் போனார். உள்ளே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. அந்தச் சிறுமிக்கு நான் பதில் எழுதினேன். நீ போட்டதுதான் பூமணியின் நிறம், மன்னிப்புக் கேட்கவேண்டியவர்கள் நாங்கள் என்று எழுதினேன்.

மலர்க்குழுவுக்கு ஒன்று சொல்லவேண்டும். அந்தக் கட்டுகளைப் பார்த்து முதலாளி அடுத்த இதழில் 'வண்ணம் தீட்டும் போட்டி முடிவுகள்' என்று ஒரு பக்கம் போட்டார். உங்கள் பழைய இதழ்களில் அது இருக்கும். பத்திரிகை யோசித்து நடத்திய புதுமை என்று அதை எடுத்து மலரில் போட்டுவிடாதீர்கள். அது போட்டி இல்லை. தாங்கள் எப்படி இருக்கிறோம் என்று பிள்ளைகள் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது அது. பின்னால் வந்த தொடரில் எமெகா என்று ஒரு நைஜீரியப் பொறியாளர் பூமணியின் கப்பலில் ஏறினார். அவரைச் சாகடிக்கமாட்டேன் என்று தங்கையன் சாரிடம் சத்தியம் வாங்கிக்கொண்ட பிறகே நான் வரைய உட்கார்ந்தேன். அதையும் பத்திரிகையின் கணக்கில் எழுதவேண்டாம்.

சித்திரக்கதைக்கு என்னைத் திரும்பக் கூப்பிட்ட வாரத்தில் ஒருநாள், முதலாளி என் மேசைக்கு வந்தார். இரண்டாம் அத்தியாயத்தின் அட்டை என் முன்னால் இருந்தது. பூமணி பாறைமழைக்குள் கப்பலைத் திருப்பிக்கொண்டிருந்தாள், என் முழங்கையின் நிறத்தில். அவர் குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், மறுபடி குனிந்தார்.

"சரி, இந்த நிறத்துலயே இருந்துட்டுப் போட்டும்."

நான் தூரிகையைக் கீழே வைக்கவில்லை.

"ஆனா ஒரு காரியம் ரெத்தினம். இவள கொஞ்சம் சிரிக்க வையி. மொகம் கறுப்பா இருந்தாலும் ஒரு களை வரும்லா. கடைக்காரனுக்கும் ஒரு சமாதானம்."

"சிரிச்சாத்தான் கப்பல்ல ஏத்துவீங்களா சார்?"

"அப்பிடி இல்லம்மா, ஒரு அழகுக்குச் சொன்னேன்."

"கப்பலுக்குள்ள முப்பது பேரு உயிரு இருக்கு சார். அவ வேலை பாத்துட்டு இருக்கா."

அவர் தன் அறைக்குப் போனார். நான் ஓய்வு பெறும்வரை பூமணியின் அட்டை எல்லாவற்றையும் நான்தான் வரைந்தேன். ஓர் அட்டையில்கூட அவள் சிரிக்கவில்லை.